பதினொரு பென்சில் வட்டங்கள்

பேர்ணடெற் தன்னுடைய ஐம்பத்தோராவது வயதில் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுத்தாள். ஏன் எடுத்தாய் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு பதில் சொன்னாள். கூட வேலை செய்யும் ஜெனாட்டிடம், பஸ்ஸுக்குக் காத்திருந்து அலுத்துவிட்டது என்றாள். ஒட்டாவாவில் வேலை கிடைத்துப் போயிருந்த மகள் அனோஜாவிடம், கொலிச்சில் சனி ஞாயிறு வகுப்பு நடந்தது, சும்மா போய்ப் பார்த்தேன் என்றாள். பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்று கேட்ட பெண்களிடம் சிரித்துவிட்டு நகர்ந்தாள். சொன்னதில் பொய் இல்லை. ஆனால் காரணம் அதுவும் இல்லை. சரியான காரணத்தை அவளும் பலமுறை தேடிப் பார்த்தாள். பிடிபடவில்லை.

அவளுடைய புருஷன் லெஸ்லி அதிகம் பேசாதவன். பேக்கரியிலிருந்து கடைகளுக்குப் பாண் கொண்டுபோகும் ட்ரக் ஓட்டுகிறவன். லைசென்ஸ் அட்டை தபாலில் வந்த அன்று அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"எங்க போகப்போறீர்?"

அவள் அட்டையை வாங்கிப் பேர்ஸுக்குள் வைத்தாள். மன்னாரிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து இருபத்தெட்டு வருஷமாகிறது. சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடி வீடு, வேலை, கோயில், சாமான் வாங்க அஜின்கோர்ட். அவ்வளவுதான் அவள் போய்வரும் இடங்கள். அந்தக் கட்டடத்தில் முன்பு பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஸ்காபரோவுக்கும் மார்க்கத்துக்கும் போய்விட்டன. இவர்கள் போகவில்லை. போகக்கூடாது என்று நினைத்ததுமில்லை. அடுத்த வருஷம் பார்ப்போம் என்று சொல்லிச் சொல்லியே வருஷங்கள் போய்விட்டன.

வேலை, ஆஸ்பத்திரியில். ஒப்பரேசன் தியேட்டரிலிருந்து வரும் ஆயுதங்களைக் கழுவிக் கிருமி நீக்கும் பகுதியில் பத்தொன்பது வருஷம். கத்தரிக்கோல், இடுக்கி, உள்ளே பொள்ளலான மெல்லிய குழாய்கள். குழாய்களுக்குள் சின்னப் பிரஷ் விட்டுத் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தட்டில் ஒழுங்காக அடுக்கி நீராவி மெஷினுக்குள் அனுப்பவேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு அவள் முதல் நாளே சொல்வது, கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிவதை நம்பவேண்டாம் என்பது. அவள் அனுப்பிய தட்டு ஒன்றும் இதுவரை திரும்பி வந்ததில்லை.

பைக் ஒஷாவாவில் அகப்பட்டது. விளம்பரத்தில் இருந்த இலக்கத்துக்கு அழைத்தால், எடுத்தது வேரோனிக்கா என்ற தமிழ்ப் பெண். தகப்பன் அமிர்தநாதருக்கு எழுபத்தெட்டு வயது. இரண்டு வருஷத்துக்கு முதல் பாரிசவாதம் வந்து இடது கை கால் வழங்கவில்லை. அவருடைய பைக் கராஜில் சும்மா நிற்கிறது. எண்பத்து மூன்றாம் ஆண்டு செய்த ஜப்பான் பைக், கருஞ்சிவப்பு நிறம். வேரோனிக்கா ஒன்றையும் மறைக்கவில்லை.

"நிண்டு நிண்டுதான் ஓடும், அக்கா. கார்பரேற்றரைக் கிளீன் பண்ணினாச் சரியாகுமெண்டு எல்லாரும் சொல்லுறாங்கள்."

கிளீன் பண்ணுவது என்றதும் பேர்ணடெற்றுக்குத் தைரியம் வந்தது. லெஸ்லி ஒரு கூட்டாளியின் பிக்கப்பை வாங்கிவந்து பைக்கை ஏற்றினான். அமிர்தநாதர் வெளியே வரவில்லை. பிக்கப் புறப்படும்போது முன் அறையின் திரைச்சீலை மட்டும் கொஞ்சம் விலகியதை அவள் கண்டாள்.

சீற்றைத் திறந்தபோது அதன் கீழே ஒரு ஒன்ராறியோ ரோட் மாப் மடித்துச் செருகியிருந்தது. மடிப்புகள் கிழிந்து செலோரேப் ஒட்டியிருந்தது. ஒஷாவாவிலிருந்து வடக்கே போற் பெரி, லின்ட்சே, பெனிலன் போல்ஸ் என்று பென்சிலால் கோடு போட்டிருந்தது. கோடுகளில் அங்கங்கே பதினொரு வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்துக்குப் பக்கத்திலும் இரண்டு இலக்கங்கள். 35–20. 40–25. 32–30.

லெஸ்லி கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்ததுபோல அவளுக்கு இருந்தது. அதற்கு முதல் இரண்டு கிழமையாக அவள் இன்டர்நெற்றில் பயணப் பாதைகள் தேடிக்கொண்டிருந்தாள். ஒருவர் ஏரிக்கரை ரோட்டைப்போல் அழகு இல்லை என்று எழுதியிருப்பார். அதற்குக் கீழே இன்னொருவர் அது நித்திரை வரும் ரோட் என்று எழுதியிருப்பார். எதை நம்புவது என்று தெரியாமல் குழம்பிப்போயிருந்தவளுக்கு, நம்முடைய ஆள் ஒருவர் ஓடிப் பார்த்துக் குறித்துவைத்த மாப் கிடைத்திருக்கிறது. இலக்கங்கள்தான் விளங்கவில்லை. கிலோமீற்றராக இருக்கும் என்று அளந்து பார்த்தாள், பொருந்தவில்லை. ஜெனாட் அதைப் பார்த்துவிட்டு, பைபிளில் அதிகாரமும் வசனமுமாக இருக்கும் என்றாள். முப்பத்தைந்தாம் சங்கீதத்தின் இருபதாம் வசனத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். அதற்கும் போற் பெரிக்கும் ஒரு தொடர்பையும் காணவில்லை.

முதலில் பைக் ஓடவேண்டும். நிலக்கீழ்க் கார் தரிப்பிடத்தில் வைத்து பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் இரண்டு கார்பரேற்றர்களையும் கழற்றி, பையில் போட்டு லிப்டில் மேலே கொண்டுவந்தாள். பல்கனியில் அனோஜாவின் பழைய கேக் தட்டை விரித்து வேலையைத் தொடங்கினாள். இடது பக்கத்துச் சாமான் இடது பக்கம், வலது பக்கத்தது வலது பக்கம். பெற்றோல் தேங்கி நிற்கும் சின்னக் கிண்ணத்தின் அடியில் பழைய பெற்றோல் காய்ந்து தேன் நிறத்தில் ஒட்டிக்கிடந்தது. ஜெற் என்று சொல்லும் பித்தளைத் திருகாணிகளின் நடுவே தலைமயிர் நுழையும் அளவில் ஓட்டை. பல்லிடுக்குத் துலக்கும் பிரஷ் ஒரு பக்கெற் வாங்கிவந்து ஒவ்வொரு ஓட்டையாகத் துலக்கினாள். அடுத்த வீட்டுக்காரர் பெற்றோல் மணக்கிறது என்று முறைப்பாடு செய்து, கட்டட மனேஜர் வந்து கதவைத் தட்டினார். அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மிச்ச வேலையைக் கீழே கொண்டுபோய் முடித்தாள்.

பூட்டினதும் பைக் முதல் தரமே ஸ்ராட் ஆனது. பேவியூ ரோட் வழியே வடக்கே போனாள். அரை மணித்தியாலத்துக்குமேல் ஓடிய பைக் இருமியது, இழுத்தது, ஒரு சிக்னலுக்குக் கிட்ட நின்றேவிட்டது. ரோட்டோரம் தள்ளிக்கொண்டுபோய் இருபது நிமிஷம் நின்றாள். பிறகு பட்டனை அமத்தினால், ஒன்றும் நடக்காததுபோல ஸ்ராட் ஆனது.

இன்னொரு தரம் கழற்றினாள். இன்னும் கவனமாகக் கழுவினாள். அப்படியே ஓடி, அப்படியே நின்றது. மூன்றாம் தரம் கழற்றும்போதுதான் வெறும் அடைப்பான் என்று விட்டிருந்த ஒரு ரப்பர்த் துண்டை இழுத்துப் பார்த்தாள். அதற்குள்ளே இன்னொரு ஜெற் ஒளித்துக்கிடந்தது. இரண்டு கார்பரேற்றரிலும் அந்த ஜெற்றின் ஓட்டையே தெரியாத அளவுக்கு அழுக்கு. இரண்டு தரம் கழுவியும் இதைக் காணாமல் விட்டேனே என்று தன்னையே ஏசிக்கொண்டாள். அதைத் துலக்கிப் பூட்டினதும் பைக் தையல் மெஷின்போல நிதானமாக நின்ற இடத்தில் உறுமியது. இனிப் பிரச்சினை இல்லை என்று சந்தோஷமாகப் போனாள். முப்பத்தைந்து நிமிஷத்தில் நின்றது.

பிளக்கை மாற்றினாள். பற்றரியை மாற்றினாள். சூட்டினால்தான் என்றது ஒரு வீடியோ. சூடு போதாததால்தான் என்றது இன்னொன்று. கார் திருத்தும் ஒருவர், பார்க்காமலேயே வித்துவிடச் சொன்னார். கழுவினால் சுத்தமாகும், சுத்தமானால் சரியாகும் என்று பத்தொன்பது வருஷம் இருந்தவளுக்கு எல்லாம் கலங்கியது. வேலையில் ஒருநாள் கட்டி முடித்த தட்டைத் திரும்பத் திறந்து பார்த்தாள். அடுத்த நாளும் அப்படிச் செய்தாள். ஜெனாட் கிட்ட வந்து என்ன தேடுகிறாய் என்று மெதுவாகக் கேட்டாள். பேர்ணடெற் தெரியவில்லை என்று சொல்லித் தட்டைத் திரும்பக் கட்டினாள்.

கடைசியில் வேரோனிக்காவுக்கு அழைத்து, மாப்பில் இருக்கும் வட்டங்கள் என்ன என்று தகப்பனிடம் கேட்டுச் சொல்லமுடியுமா என்றாள். அன்று பின்னேரமே வேரோனிக்கா திரும்ப எடுத்தாள்.

"கேட்டனான், அக்கா. 'நிண்ட இடங்கள்' எண்டு சொன்னார். வேற ஒண்டும் சொல்லேல்லை."

மனுஷன் ரசித்து நின்ற இடங்கள். தான் நினைத்தது சரிதான். பைக் என்னவானாலும் போய்ப் பார்ப்பது என்று பேர்ணடெற் முடிவெடுத்தாள்.

ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை. லெஸ்லி பிளாஸ்கில் தேத்தண்ணியும் மீன் அடைத்த மாலு பணிஸ் ஒரு பெட்டியும் எடுத்துக் காரில் வைத்தான். "நான் பின்னால வாறன்" என்றான். வரச்சொல்லி அவள் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கிங்ஸ்ரன் ரோட் வழியே போய், ஏஜக்ஸில் ஒருதரம் பைக் நின்று, காத்திருந்து, ஒஷாவாவில் பெற்றோல் அடித்துக்கொண்டு சிம்கோ ரோட்டில் வடக்கே திரும்பினார்கள்.

முதல் வட்டம் போற் பெரி தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் இருந்தது. அங்கே போய் நிறுத்தி ஹெல்மெற்றைக் கழற்றிச் சுற்றிப் பார்த்தாள். முழங்கால் உயரத்துக்கு வளர்ந்த சோளம். கறன்ற் கம்பங்கள். காலொடிந்த தபால் பெட்டி ஒன்று. ஏரி மரங்களுக்குப் பின்னால் எங்கேயோ இருந்தது, இங்கிருந்து தெரியவில்லை. லெஸ்லி காரிலிருந்து இறங்கி வந்தான்.

"இதுவோ?"

"மாப்பில இதுதான்."

"இஞ்ச என்னத்தைப் பாத்தவராம்?"

தவறான பக்கத்தைப் பார்க்கிறோமோ என்று ரோட்டின் மற்றப் பக்கத்துக்கும் போனார்கள். அங்கேயும் சோளம். ஒருவேளை அந்தக் காலத்தில் இங்கே ஏதும் இருந்திருக்கும் என்றான் லெஸ்லி. திரும்ப ஏறி ஒரு கிலோமீற்றர் போகமுதல் பைக் நின்றது. பணிஸ் சாப்பிட்டுக்கொண்டு காத்திருந்தார்கள்.

இரண்டாவது வட்டம் லின்ட்சேக்குப் போகும் வழியில். அதற்குக் கிட்டக் கிட்டப் பைக் இருமத் தொடங்கியது. மூடிக்கிடந்த ஒரு பெற்றோல் ஸ்ரேசனின் பின்சுவருக்குப் பக்கத்தில், மாப்பில் வட்டம் இருந்த இடத்துக்கு ஒரு கூப்பிடு தூரம் இருக்கும்போது உருண்டு நின்றது. சுவரில் பெயின்ற் உரிந்திருந்தது. பழைய ரயர்கள் குவிந்துகிடந்தன. பேர்ணடெற் சரளைக் கல்லில் குந்தி மாப்பை மடியில் விரித்தாள். அழகென்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. இந்த மனுஷன் இதில் நின்று எதை ரசித்தார்? தனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லையோ? கண் கலங்கும்போல இருந்தது. மணியைப் பார்த்தாள். கடைசியாக நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு முப்பத்தெட்டு நிமிஷம்.

வட்டத்துக்குப் பக்கத்தில் 38–20 என்று எழுதியிருந்தது.

அவள் பதினொரு வட்டங்களையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எல்லாவற்றிலும் முதல் இலக்கம் முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடையில். இரண்டாவது, இருபதோ இருபத்தைந்தோ, கூடினால் முப்பது. ஓடிய நிமிஷம், காத்து நின்ற நிமிஷம்.

"இஞ்சாருங்கோ" என்று லெஸ்லியைக் கூப்பிட்டாள். "நிண்டது அவரில்லை. பைக்."

லெஸ்லி மாப்பைக் குனிந்து பார்த்தான். விளங்க அவனுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான். தோள் குலுங்குவதைப் பார்த்துச் சிரிக்கிறான் என்று அவள் அறிந்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கடந்த இரண்டு மாதமாக ஏதோ ஒரு அழகான பயணத்தைத் திட்டம்போட்டதாக நினைத்தாளே, அது ஒரு பழைய பைக் எங்கெங்கே பழுதாகி நின்றது என்ற கணக்குத்தானா?

பெற்றோல் இருக்கிறதா என்று பார்க்கத் தாங்கியின் மூடியைத் திறந்தாள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டது. பெற்றோல் பாதிக்குமேல் இருந்தது. யோசிக்காமல் பட்டனை அமத்தினாள். நின்று ஐந்து நிமிஷம்கூட ஆகாத பைக் உடனே ஸ்ராட் ஆனது.

அவள் பைக்கை நிறுத்திவிட்டு மூடியைத் தலைகீழாகத் திருப்பி வெயிலில் பிடித்தாள். அடியில் குண்டூசி முனையளவு ஓட்டை ஒன்று இருந்தது. பெற்றோல் குறையக் குறையக் காற்று உள்ளே போவதற்கு விட்ட வழி. அது மண்ணும் துருவும் ஏறிக் கல்லாக அடைத்திருந்தது. காற்றுப் போக வழியில்லாததால்தான் பெற்றோல் கீழே இறங்காமல் பைக் நின்றிருக்கிறது. நிற்கும்போது எங்கேயோ ஒரு இடுக்கால் மெல்ல மெல்லக் காற்றுக் கசிந்து உள்ளே போக, திரும்ப ஓடியிருக்கிறது. பைக்கை நிற்கவைத்த குற்றம் மூன்று தரம் கழற்றிப் பூட்டிய கார்பரேற்றரில் இருக்கவில்லை. சட்டைப் பையில் கிடந்த பல்லிடுக்குப் பிரஷாலும் லெஸ்லி காரில் தேடித் தந்த ஊசியாலும் ஓட்டையைக் குடைந்து, மறுபக்கம் வாயால் ஊதிப் பார்த்தாள். காற்றுப் போனது.

அங்கிருந்து பெனிலன் போல்ஸ் வரைக்கும் போய், வேறு வழியால் ஒஷாவாவுக்குத் திரும்பினார்கள். பைக் ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

சொல்லாமல் போகக்கூடாது என்று அமிர்தநாதரின் வீட்டுக்குப் போனார்கள். அவர் முன் அறையில் யன்னலோரக் கதிரையில் இருந்தார். பேச்சு மெதுவாகத்தான் வந்தது, ஆனால் தெளிவாக இருந்தது. வேரோனிக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். பேர்ணடெற் நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"கார்பரேற்றரில ஒண்டுமில்லை, அங்கிள். தாங்கி மூடியிலதான் அடைப்பு."

"தெரியும்" என்றார் அவர்.

அவள் லெஸ்லியைப் பார்த்தாள். லெஸ்லி கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரிஞ்சா ஏன் அங்கிள் கிளீன் பண்ணேல்லை?"

அமிர்தநாதர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். வீட்டுக்கு முன்னால் நின்ற பைக்கையா, அதற்கும் அப்பால் ரோட்டையா என்று சொல்லமுடியாது. 

"தேத்தண்ணி ஆறுது, பிள்ளை. குடியும்" என்றார்.

வெளியே வழியனுப்ப வந்த வேரோனிக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னாள், அப்பாவுக்கு அது தெரிந்திருக்காது, இப்போது எதைச் சொன்னாலும் தெரியும் என்றுதான் சொல்லுவார், அந்த நாளில் எத்தனை திருத்துகிறவர்களிடம் கொண்டுபோனார் என்று. சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். ஆனால் பைக் நின்றுவிட்டது என்று பிந்தி வரும் நாட்களில் அப்பா ஒருநாளும் கோபமாக வந்ததில்லை, அம்மாதான் ஏசுவா என்றாள். அதோடு தனக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை என்று கையை விரித்தாள்.

அன்றிரவு வீட்டில் லெஸ்லி, அவருக்குத் தெரிந்திருக்கும் என்றான். பேர்ணடெற், தெரிந்திருக்காது என்றாள். காலையில் எழும்பியதும் அவளுக்கு, தெரிந்துகொண்டே, நிற்கட்டும் என்று ஊசியைக் கையில் எடுக்காமல் இத்தனை வருஷமும் ஓடியிருப்பார் என்று பட்டது. அதைச் சொன்னபோது லெஸ்லி, யாராவது அப்படிச் செய்வார்களா என்றான். 

ஜூலையில் அவளுக்கு ஒரு கிழமை லீவு. ரொபமோரிக்குப் போய், கப்பலில் பைக்கையும் காரையும் ஏற்றி, மானிற்றூலின் தீவுக்குப் போவதாகத் திட்டம். இந்த முறை எல்லாம் அவளே தேடி எழுதியது. எங்கே நிற்பது, எங்கே சாப்பிடுவது, எந்த வளைவில் தண்ணீர் தெரியும் என்று இரண்டு பக்கம்.

ரொபமோரியில் கப்பலுக்கு வரிசையில் நிற்கும்போது லெஸ்லி வந்து, வயலில் நின்ற நீட்டுக் கால் சாம்பல் பறவைகளைக் கண்டீரா என்று கேட்டான். அவள் காணவில்லை. நீலமாகத் திடீரென்று தண்ணீர் விரிந்த இடத்தில் ஏன் நிறுத்தவில்லை என்றான். அவள் அதையும் காணவில்லை. எழுதிவைத்த ஒரு இடத்திலும் அவள் நிற்கவில்லை. பைக் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நல்ல இடமொன்று வருகிறது என்று தெரிவதற்குள் அது பின்னால் போய்விட்டது. நின்று திரும்பிப் போகலாமா, இதைவிட நல்லது முன்னால் இருக்குமா என்று யோசித்து யோசித்தே ரோட் முடிந்துவிட்டது. இதற்காகவா இவ்வளவு பாடுபட்டேன் என்று கேட்டாள். லெஸ்லி பிளாஸ்கிலிருந்து அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தான்.

தீவில் இரண்டாம் நாள் காலை அவன் காரின் பின்பக்கத்தைத் திறந்து ஒரு புது ஹெல்மெற்றை எடுத்தான். அதில் கடையின் அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. எப்போது வாங்கினான் என்று அவளுக்குத் தெரியாது.

"கார் இஞ்ச நிக்கட்டும். நீர் ஓடும், நான் பாக்கிறன். நிப்பாட்டவேணுமெண்டாத் தோளில தட்டுறன்."

ஏறும்போது முதல் தரம் அவன் கால் சீற்றில் இடறியது. இரண்டாம் தரம் ஏறி அவளுடைய ஜக்கெற்றின் இரண்டு ஓரத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவள் மெதுவாகவே ஓட்டினாள்.

அவன் முதலில் தட்டியது படகு இறக்கும் ஒரு துறையில். ஒருவரும் இல்லை. ஒரு அலுமினியப் படகு கவிழ்த்துக் கிடந்தது. அவன் பார்த்த பக்கம் எல்லாம் அவளும் பார்த்தாள், எதற்குத் தட்டினான் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்டதற்கு, நிற்கவேணும்போல இருந்தது என்றான். இரண்டாவது தரம் ஒரு மரப்பாலத்தில். அங்கே அவளுக்கும் கொஞ்சம் பிடித்திருந்தது.

மூன்றாவது தரம் நான் தட்டவில்லை, குழியொன்றில் பைக் தூக்கிப்போட்டதில் கை பட்டுவிட்டது என்று லெஸ்லி சொன்னான். அதற்குள் அவள் பைக்கை ஓரத்தில் நிறுத்தி, ஹெல்மெற்றையும் கழற்றிவிட்டாள். இறங்கினது இறங்கினதுதான் என்று இரண்டுபேரும் அதிலேயே நின்று சுற்றிப் பார்த்தார்கள்.